உள்ளே இருந்தது நாலு பேர்தானா?

கேள்வி: நொய்டா ஆருஷி கொலையைப் பற்றிய படம் பார்த்த நாளிலிருந்து எங்கட வீட்டில் ஒரே வாக்குவாதம். "இரவில் உள்ளே இருந்தது நாலு பேர். விடியும்போது இரண்டு பேர் மௌத்து. மிச்ச இரண்டு பேர்தானே செய்திருக்க வேணும்?" என்கிறார் காக்கா. பிறகு ஏன் தாய் தகப்பனை விட்டார்கள்?
- வாசகி, சாய்ந்தமருது

பதில்: சகோதரி, உங்கள் காக்கா போட்ட கணக்கைத்தான் 2013 நவம்பரில் காசியாபாத் நீதிமன்றமும் போட்டு, பல் வைத்தியர்களான பெற்றோருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017 ஒக்டோபர் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நாலு பேரைத் தவிர வேறு யாரும் உள்ளே வரவில்லை என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். வேலைக்காரர் ஹேம்ராஜின் அறைக்கோ வெளியிலிருந்து நேரே வர ஒரு கதவு இருந்தது.

2008 மே 16 காலையில் நடந்ததைப் பாருங்கள். 14 வயது நிறைய எட்டு நாள் இருந்த பிள்ளை கட்டிலில் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். ஹேம்ராஜைக் காணோம். அவர்தான் கொன்றுவிட்டு ஓடினார் என்று பொலிஸார் முடிவுகட்டி, பிடித்துத் தருபவருக்கு 20,000 ரூபாய் என்றும் அறிவித்துவிட்டார்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி இல்லையென்று அன்று யாரும் உடைக்கவில்லை. மறுநாள் திறந்தபோது, அந்த வெயிலில் ஹேம்ராஜின் உடல் அழுகத் தொடங்கியிருந்தது. செத்துக் கிடந்த ஓர் ஏழை மனிதனை ஒரு நாள் முழுக்கக் கொலைகாரன் என்றார்கள். எனக்கு இந்த வழக்கில் நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான்.

இடையில் அயலவர், உறவினர், பத்திரிகைக்காரர் என்று வீடு நிறைய சனம். பிள்ளையின் அறையைக் கழுவியும் விட்டார்கள். பிறகு எந்தக் கைரேகையைத் தேடுவது?

பிறகு ஊகங்கள்தான் மிஞ்சின. கிளினிக் ஊழியர் ஒருவரின் தலையணை உறையில் ஹேம்ராஜின் இரத்தம் இருந்ததாக ஹைதராபாத் ஆய்வுகூட அறிக்கை சொன்னது. பின்னர் அது தட்டச்சுப் பிழை என்றார்கள். அந்த ஊழியர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. அவரைக் கொலைகாரன் என்பதும் காக்காவின் கணக்கைப் போன்ற இன்னொரு கணக்குத்தான்.

"வீட்டில் இருந்தவன் சொல்லட்டும்" என்ற வாதத்துக்கு அடிப்படை அப்போதைய இந்தியச் சான்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. நமது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் இலக்கம் அதேதான். 1933இல் கொழும்பு டஃப் ஹவுஸில் ஒரு பெண் குளோரோபோர்மினால் இறந்தபோது கணவருக்குக் கொலைக் குற்றத் தீர்ப்பு வந்தது. 1936இல் பிரிவிக் கவுன்சில் அதை ரத்துச் செய்தது: அந்த வேளையில் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று கணக்குச் சொல்லும் கடமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இல்லை. 1956இல் இந்திய உச்ச நீதிமன்றமும் நமது அந்த வழக்கை எடுத்துக்காட்டியது. கொலையா தற்கொலையா என்ற பேச்சு மட்டும் இன்றும் ஓயவில்லை.

அந்த நொய்டா வீட்டைப் போலவே நம்மூரிலும் மையித்து வீடு என்றால் ஐந்து நிமிடத்தில் தெருவே உள்ளே நிற்கும். குளிப்பாட்டவும் அடக்கவும் அவசரப்படுவோம். மரணத்தில் சந்தேகம் இருந்தால் அந்த அறையைச் சாத்தி, வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள். பொலிஸும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் வரும்வரை இரத்தத் துணியைக்கூடத் தொடவேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி பார்த்து முடித்த பிறகு குளிப்பாட்டலாம்.