புயல் கூண்டும் மார்புக் கட்டியும்

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்தது. முன்பே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். பல்லாயிரம் மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். பல உயிர்கள் தப்பின.

மார்டள்ளியில் கடல் இல்லை. ஆனால் நம் உடம்பும் கூண்டு ஏற்றும்.

மார்பில் கட்டி, அக்குளில் கட்டி, தோலில் குழி, காம்பில் ரத்தக் கசிவு. இவை மார்பகப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். தொடக்கத்திலேயே கண்டால் குணமாக்கலாம். இது ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். மேல் சிகிச்சைக்குப் பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை உண்டு.

பக்கத்து வீட்டு அக்கா தயங்குகிறாரா? நீங்கள் துணைக்குப் போங்கள்.