உடைந்த வளையல் தோட்டம்

கை தவறிப் பீங்கான் கோப்பை கீழே விழுகிறது. உடைந்து போகிறது. என்ன செய்வோம்? கூட்டி அள்ளுவோம். குப்பையில் கொட்டுவோம். உடைந்த வளையலும் அங்கேதான் போகும். ஓட்டைப் பானையும் அங்கேதான் போகும்.

இப்படிக் கொட்டிய பொருள்களை வைத்தே ஒருவர் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டம் வட இந்தியாவில், சண்டிகர் நகரில் இருக்கிறது. ராக் கார்டன் என்பது அதன் பெயர். கல் தோட்டம் என்று பொருள். அதைப் போட்டவர் பெயர் நேக் சந்த்.

பெரியவர்கள் போட்ட தோட்டங்கள்

அழகுக்காகத் தோட்டம் போடுவது மிகப் பழைய கலை. நாட்டுக்கு நாடு அது வேறுபடும்.

முகலாய அரசர்கள் தோட்டத்தை நான்கு சதுரமாகப் பிரித்தார்கள். நடுவில் நேரான வாய்க்கால் வெட்டினார்கள். தாஜ் மகாலின் முன்னே இருப்பது இந்த வகைத் தோட்டம்தான். சண்டிகருக்கு அருகில் பிஞ்சோர் என்ற ஊரிலும் ஒன்று உண்டு. அங்கே ஏழு படிகளாக நிலத்தை வெட்டி, தண்ணீரைப் படிப்படியாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

ஜப்பானில் சில கோயில் தோட்டங்களில் தண்ணீரே இராது. வெள்ளை மணலைப் பரப்பி, வாரியால் கோடு இழுப்பார்கள். பார்த்தால் அலை அடிப்பது போல இருக்கும்.

இங்கிலாந்துப் பிரபுக்களின் ஆசை வேறு. தோட்டம் என்றால் இயற்கைக் காடு போல, மேடு பள்ளமாக, ஏரியோடு இருக்க வேண்டும் என்றார்கள். மில்டன் என்று ஒரு பிரபு இருந்தார். அவர் மாளிகைக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருந்தது. தோட்டத்தின் அழகை அது கெடுப்பதாக அவர் நினைத்தார். 1780-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஊரையே இடித்தார். மக்களைத் தள்ளி வேறிடத்தில் குடிவைத்தார். ஓர் ஆளின் கண்ணுக்கு அழகாக இருக்க, ஓர் ஊரே எழுந்து போக வேண்டியிருந்தது!

இவர்களிடம் நிலம் இருந்தது. பணம் இருந்தது. ஏவிய வேலையைச் செய்ய ஆட்கள் இருந்தார்கள். நேக் சந்திடம் இருந்தது ஒரு சைக்கிள்.

ஊரை இழந்தவர்

நேக் சந்த் 1924-ஆம் ஆண்டு பிறந்தார். பஞ்சாபில் ஒரு விவசாயக் குடும்பம். அம்மா நிறையக் கதை சொல்வார். ராஜா கதை, ராணி கதை, காட்டு விலங்குகளின் கதை. பையன் ஓடைக்கரையில் களிமண் எடுத்து, அந்தக் கதைகளில் வருபவர்களைப் பொம்மையாகப் பிடிப்பான்.

1947-இல் நாடு விடுதலை அடைந்தது. கூடவே நாடு இரண்டாகப் பிரிந்தது. நேக் சந்தின் ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு, குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. இப்படி வந்தவர்களும் இங்கிருந்து அங்கே போனவர்களும் ஒரு கோடிக்கு மேல் இருப்பார்கள்.

பஞ்சாபின் தலைநகரமான லாகூரும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் வேண்டும். அதற்காகக் கட்டியதுதான் சண்டிகர். லெ கொர்புசியே என்ற வெளிநாட்டுக் கட்டிடக் கலைஞர் நகரின் திட்டத்தை வரைந்தார். எல்லாம் அளவோடு இருக்கும். நகரம் கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்துக்கு செக்டர் என்று பெயர். ஒரு செக்டர் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். செக்டருக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

அந்த இடம் வெறும் தரையாகவா இருந்தது? இல்லை. 20-க்கு மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. அவற்றைக் காலி செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள். அங்கே இருந்தவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

அந்த நகரத்தில்தான் நேக் சந்துக்கு வேலை கிடைத்தது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. சாலை போடும் ஆட்களை மேற்பார்வை பார்க்க வேண்டும்.

இரவில் நடந்த வேலை

இடித்த வீடுகளின் மிச்சம் எங்கும் குவிந்து கிடந்தது. உடைந்த ஓடு, பானை, அடுப்புக்கல், வளையல் துண்டு. எல்லாம் ஒரு காலத்தில் யாரோ புழங்கிய பொருள்கள். நேக் சந்த் அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். அது 1958-ஆம் ஆண்டு வாக்கில். அப்போது அவருக்கு வயது 33.

ஆற்றுப் படுகைக்குப் போவார். பறவை போலவும் மனித முகம் போலவும் இருக்கும் கற்களைத் தேடுவார். சைக்கிளில் வைத்துக் கட்டிக் கொண்டு வருவார். நகரின் வடக்கு ஓரத்தில், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், புதர் மண்டிய அரசாங்க நிலம் இருந்தது. அங்கே யாரும் எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். அதனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நேக் சந்துக்கு அது வசதியாகப் போயிற்று.

பகலில் சாலை வேலை. மாலையானால் புதருக்குள் போவார். இருட்டினால் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்வார். வீட்டில் மனைவிக்குத் தெரியும். நெருங்கிய சிலருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

பொம்மை செய்யும் முறை எளிதானது. பழைய இரும்புக் கம்பியை வளைத்து எலும்புக்கூடு போலக் கட்டுவார். சைக்கிள் சட்டம் விலங்குக்கு உடம்பாகும். சைக்கிள் சீட்டு அதன் தலையாகும். அதன்மேல் சிமெண்டுக் கலவை பூசுவார். கலவை ஈரமாக இருக்கும்போதே வளையல் துண்டையோ பீங்கான் துண்டையோ பதித்துவிடுவார். காய்ந்த பிறகு அது பொம்மைக்குச் சேலையாகவும் சட்டையாகவும் ஆகிவிடும்.

கண்டுபிடித்துவிட்டார்கள்!

பதினைந்து ஆண்டுக்குக் கிட்ட இப்படியே போனது. 1970-களின் தொடக்கத்தில் அதிகாரிகள் கண்ணில் அந்த இடம் பட்டது. புதரை விலக்கிப் பார்த்தால், வரிசை வரிசையாக மனிதர்கள் நிற்கிறார்கள்! பானை சுமக்கும் பெண்கள், ஆட்டக்காரர்கள், குரங்குகள், பறவைகள். பல ஏக்கருக்கு ஒரு முழு ராஜ்யம்.

சட்டப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பு. இடிக்க வேண்டும். நேக் சந்த் அரசு ஊழியர். அவர் வேலையும் போகலாம். ஒரு குடிசை போட்ட ஏழையையும் இதே சட்டம்தான் விரட்டுகிறது. இவரை மட்டும் விடலாமா என்று சிலர் கேட்டிருந்தால் அதிலும் நியாயம் உண்டு.

ஆனால் செய்தி பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். சண்டிகரின் சாலை ஓரங்களில் என்ன மரம் நட வேண்டும் என்று முடிவு செய்தவர் எம்.எஸ். ரந்தாவா என்ற அதிகாரி. அவரும் இது இருக்கட்டும் என்றார். 1976-இல் அரசாங்கமே அந்தத் தோட்டத்தைத் திறந்து வைத்தது. நேக் சந்தை அங்கேயே வேலைக்கு அமர்த்தியது. சம்பளம் கொடுத்தது. 50 தொழிலாளர்களையும் கொடுத்தது.

அதன் பிறகு தோட்டம் வளர்ந்தது. இன்று சுமார் 40 ஏக்கர். குறுகலான பாதைகள், அருவிகள், பெரிய பெரிய ஊஞ்சல்கள் எல்லாம் உண்டு. சில வாசல்கள் மிகவும் குட்டை. எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் போக வேண்டும்.

சண்டிகரில் இன்னொரு விதியும் உண்டு. தனி மனிதர்களுக்குச் சிலை வைக்கக்கூடாது என்று லெ கொர்புசியே எழுதி வைத்தார். அதனால் தலைவர்களுக்கு அங்கே சிலை வைக்க வழியில்லை. பானை சுமக்கும் பெண்ணோ ஆயிரக்கணக்கான பொம்மைகளுக்கு நடுவே நிற்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. அதனால் விதியும் மீறப்படவில்லை!

புல்டோசர் வந்தது

1984-இல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இனிமேல் பயமில்லை என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. 1990 வாக்கில், பாதை போடுவதற்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க புல்டோசர் வந்தது. நகர மக்கள் திரண்டு வந்தார்கள். கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். புல்டோசர் திரும்பிப் போயிற்று.

1996-இல் நேக் சந்த் அமெரிக்கா போயிருந்தார். அந்த நேரத்தில் யாரோ புகுந்து பொம்மைகளை அடித்து உடைத்தார்கள். திரும்பி வந்தவர் மறுபடி வேலையை ஆரம்பித்தார். உடைந்ததை வைத்துச் செய்வது அவருக்குப் புதிதா என்ன?

2015 ஜூன் மாதம் நேக் சந்த் காலமானார். வயது 90.

சண்டிகர் வெகு தூரம். ஆனால் கேரளத்தில், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழா அணை இருக்கிறது. அங்கேயும் நேக் சந்த் ஒரு கல் தோட்டம் போட்டுக் கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். உடைந்த ஓடும் வளையலும் அங்கேயும் சுவரில் மின்னுகின்றன.

கலந்து பேசுங்கள்

1. சண்டிகரில் ஒரு செக்டரைச் சுற்றி நடந்தால் எத்தனை கிலோமீட்டர் வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2. நேக் சந்த் அரசாங்க நிலத்தில் தோட்டம் போட்டது சரியா? சரி என்பவர்கள் ஒரு பக்கமும், தவறு என்பவர்கள் ஒரு பக்கமும் இருந்து வாதம் செய்யுங்கள்.

3. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் உடைந்த பொருள்கள் எவை? ஒரு பட்டியல் எழுதுங்கள்.