செலவும் வரவும்

செலவு என்னுஞ் சொல் பண்டைத் தமிழிற் பயணத்தையும், இக்காலத்திற் பொருள் கழிதலையும் குறிக்கும். வரவு என்பதும் அங்ஙனமே வருகையையும் வருவாயையும் உணர்த்தும். கடல் கடந்த தமிழர் வரலாற்றில் இவ்விரு பொருளும் பொருந்துதலைக் காண்போம்.

முதற்கண் செலவு. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833-இற் சட்டம் பிறந்தபின், கரும்புத் தோட்டங்கள் ஒப்பந்தக் கூலிகளை நாடின. நம் வேப்பம்பட்டு வழியே செல்லும் இருப்புப்பாதை 1856-இல் திறக்கப்பெற்று, உள்நாட்டாரைச் சென்னைத் துறைமுகத்திற்கு அணித்தாக்கிற்று. 1860-இல் 'துரூரோ' என்னுங் கப்பல் அத்துறையினின்று 342 பேரை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. இவ்வொப்பந்தமுறைக்கு ஆள்சேர்த்தல் 1917-இல் நின்றது.

இனி வரவு. 1942-இற் சப்பானியர் படையெடுக்கவே, பர்மாவினின்று இலக்கக்கணக்கான இந்தியர் தாயகம் மீண்டனர். பலர் கால்நடையாகவே போந்தனர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், இலங்கைவாழ் இந்திய வமிசத்தாருள் 5,25,000 பேரை ஏற்க நம் நாடு இசைந்தது. அவருட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். 1983-க்குப் பின் அங்கிருந்து ஏதிலியர் வந்தனர். நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலும் முகாம் அமைந்தது.

செலவுக்குக் காரணம் நம்மவர் வறுமையும் தோட்டமுடையார் தேவையும். வரவுக்குக் காரணம் போரும் அரசாணையும். பயணக் கணக்குத் தலைகளை எண்ணும், மனங்களை எண்ணாது. சென்றோர் நாட்டுக்குச் செலவாயினர். வந்தோரையேனும் வரவாகக் கொள்ளுதல் நம் கடனாம்.