பெங்களூரு போகிற மணவூர்ப் பிள்ளைகளுக்கு

மணவூரில் லோக்கல் பிடித்து, அரக்கோணத்தில் மாறி, பெங்களூரு போய்ச் சேர்கிறார்கள் நம் பிள்ளைகள். வேலை கிடைத்துவிடுகிறது, அறையும் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் போன் போட்டால், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்ததாகச் சொல்கிறார்கள். பேச ஆளில்லை. இது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வழி சொல்லும் கட்டுரை.

முதலில் இடம். அலுவலகம் எங்கே இருந்தாலும், நம் ஆட்களைத் தேட கன்டோன்மென்ட் பக்கம் வந்துவிடுங்கள். 1809இல் பிரிட்டிஷ்காரர்கள் அங்கே ராணுவ முகாம் போட்டபோது, வேலை தேடி நம் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் நிறைய. அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் தெருக்கள். வைட்ஃபீல்டில் பி.ஜி. எடுத்தவர்களுக்கும் சாக்கு இல்லை, மெட்ரோவின் ஊதாத் தடம் நேராக அல்சூரில் இறக்கிவிடும்.

அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1950இல் தொடங்கியது. விழா நாளில் முதன்முதலாகப் போகாதீர்கள். மேடை இருக்கும், மாலை இருக்கும், உங்களோடு பேச ஒருவருக்கும் நேரம் இருக்காது. சாதாரண நாளில் போங்கள். விழாவுக்குத்தான் போவேன் என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நாற்காலி போடுங்கள். நாற்காலி போடுகிறவனுக்கு டீ வரும், டீயோடு பேச்சும் வரும். மாதா கோயில் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். சிவாஜி நகர் செயின்ட் மேரி பசிலிக்காவில் தமிழ்ப் பூசை உண்டு, செப்டம்பர் 8 திருவிழாவுக்கு ஊரே திரளும். வாட்ஸ்அப் குழுவில் சேருவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். "காலை வணக்கம்" படம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களை நம்பி யாரும் வீடு மாற்றியதில்லை.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"தம்பி எந்த ஊரு?"

"திருத்தணிப் பக்கம் சார்."

"திருத்தணில எங்க?"

"மணவூர்."

"மணவூர்ல எந்தப் பக்கம்?"

மூன்றாவது கேள்வியில் பலருக்கு வாய் உலர்ந்துவிடும். ஊரைச் சொன்னால் பாசம், தெருவைச் சொன்னால் சாதி. சேரியிலிருந்து போன பிள்ளைக்கு இது தெரியாததா? பெங்களூருவில் தமிழர்கள் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக்குள்ளும் ஒருவரைத் தனியாக உட்கார வைக்க முடியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புவதில்லை.

கேட்கிற எல்லோரும் நூல் விட்டுப் பார்க்கிறவர்கள் அல்லர். ஐம்பது வருடம் முன்பு ஊரை விட்டு வந்த பெரியவருக்கு ஊர்ப் பெயர் கேட்டாலே நாக்கில் தண்ணீர் ஊறும். இவரையும் மற்றவரையும் பிரித்தறிய என் வழி இது. மூன்றாவது கேள்விக்கு "ஸ்டேஷன் பக்கம் சார், நீங்க வந்திருக்கீங்களா?" என்று பந்தைத் திருப்பிப் போடுங்கள். ஆசையாகக் கேட்டவர் உடனே திருவாலங்காட்டுக் கோயில், ஆடிக் கிருத்திகைக் காவடி, பழைய ரயில் என்று தன் கதைக்குள் போய்விடுவார். மற்றவர் உங்கள் கேள்வியைக் கண்டுகொள்ள மாட்டார். "அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது?" என்று வேறு வாசல் வழியாக வருவார். அவரிடம் கோபப்பட வேண்டாம், பொய்யும் வேண்டாம். பொய் சொன்னால் அதை ஆயுசுக்கும் காப்பாற்ற வேண்டும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒரு ஆள் அப்படி என்பதால் அந்த இடமே அப்படி என்று முடிவு கட்டவும் வேண்டாம். இன்னும் இரண்டு முறை போய், எச்சில் இலை எடுப்பது யார், மைக் பிடிப்பது யார், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மூன்று தடவையும் ஒரே ஆட்கள் இலை எடுத்து, ஒரே ஆட்கள் மைக் பிடித்தால் அது உங்களுக்கான இடம் இல்லை.

இடமே கிடைக்காவிட்டால் நாமே ஒன்று கட்டிக்கொள்ளலாம், அதற்கு முன்மாதிரியும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயலுக்குப் போன தமிழ்த் தொழிலாளிகள் மாரிக்குப்பத்தில் அதற்குக் கிளை வைத்தார்கள், பெங்களூரிலும் வைத்தார்கள். 1907இல் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' வார இதழ் அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. தங்களைச் சமமாக உட்கார வைக்காத கூட்டத்தின் வாசலில் அவர்கள் காத்துக் கிடக்கவில்லை. இன்றைக்கு அதற்கு நாலு பேரும், வாரம் ஒரு நாளும், நாள் மாறாத ஒழுங்கும் போதும். ஒழுங்குதான் முக்கியம். "எல்லாருக்கும் வசதியான நாள்ல பாக்கலாம்" என்று தொடங்கிய எந்தக் கூட்டமும் இரண்டாவது மாதத்தைப் பார்த்ததில்லை.

அடுத்து கன்னடம். தமிழ் வட்டத்தோடு நின்றுவிடாதீர்கள், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவில் இருந்தது, இன்றும் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். பெங்களூருவில் தெலுங்குக்குத் தாராளமாக ஆள் உண்டு. கன்னட எழுத்தும் தெலுங்கு எழுத்தும் அக்காள் தங்கை போல, தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் பஸ் போர்டைச் சீக்கிரமே படித்துவிடலாம். தெலுங்கு தெரியாதவர்கள் "கன்னட கலித்தா இத்தீனி" என்பதில் தொடங்குங்கள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், எதிரே இருப்பவர் பாதி வாக்கியத்தைத் தானே முடித்துக் கொடுப்பார். மாத மளிகையை ஆப்பில் வாங்காமல் தெருமுனைக் கடையில் வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

அந்தக் கடைக்காரரின் நம்பர் உங்கள் போனில் இருக்கட்டும், வீட்டுக்காரர் நம்பரும் இருக்கட்டும். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரித் தீர்ப்புகளை ஒட்டி அந்த நகரில் தமிழர்கள்மேல் தாக்குதல் நடந்தது. 2016இல் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தன. அப்படிப்பட்ட நாளில் தமிழ்ச் சங்கத்து நண்பரும் உங்களைப் போலவே வீட்டுக்குள் இருப்பார். பால் வாங்கி வந்து கொடுக்கவும், வாசலில் நின்று "இவங்க நம்ம ஆளு" என்று சொல்லவும் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்தான் வேண்டும். டி.என். நம்பர் வண்டி இருந்தால் கேட்டுக்கு உள்ளே நிறுத்துங்கள், அதற்கு இடம் கொடுக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் குடிபோகும்போதே கேட்டுவிடுங்கள்.