குட்டி நாய் தான மச்சான்!

போன செமஸ்டர், இரண்டாவது இன்டர்னல் நடந்துகொண்டிருந்த நேரம். மெஸ்ஸுக்குப் பின்னால் சுற்றும் நாய்க்குட்டிக்கு மிச்ச இட்லியைப் போடப் போன என் ரூம்மேட், கணுக்காலில் இரண்டு பல் தடத்தோடு திரும்பி வந்தான். லேசாக ரத்தம்.

"டேய், ஊசி போட்டுடு."

"குட்டி நாய் தான மச்சான். விளையாட்டுக்குக் கடிச்சுது. நல்லா தான் இருக்கு. ஏதாச்சும் மாறுனா அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த "ஏதாச்சும் மாறுனா" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மில் பாதிப்பேர் பிளஸ் டூவில் உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துத் தப்பித்து வந்தவர்கள். அதனால் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விலங்குகளின் நடத்தையைப் படிப்பதற்கு வழிபோட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் நிக்கோ டின்பெர்கன். 1973இல் நோபல் வாங்கியவர். "இந்த விலங்கு ஏன் இப்படிச் செய்கிறது?" என்பது ஒரே கேள்வி இல்லை, நான்கு கேள்விகள் என்று 1963இல் எழுதினார். நமக்கு இப்போது இரண்டு போதும். ஒன்று, உடம்புக்குள் என்ன நடந்து அந்தச் செயல் வருகிறது? இன்னொன்று, அந்தச் செயலால் பிழைப்புக்கு என்ன லாபம்?

குட்டி போட்ட நாய் பக்கத்தில் போனால் பாய்கிறது. உடம்புக்குள் ஹார்மோன் மாற்றம், பயம். லாபம், குட்டிகள் பிழைக்கின்றன. இரண்டு கேள்விக்கும் பதில் நாய்க்குள்ளேயே இருக்கிறது. இப்போது வெறிபிடித்த நாயை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தமே இல்லாமல் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறது, சில நாளில் செத்துப்போகிறது. இதில் நாய்க்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. லாபம் வைரஸுக்கு.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருக்கும். அதன் ஆர்.என்.ஏ. சுமார் 12,000 எழுத்து நீளம், மொத்தம் 5 ஜீன்கள். ஒரு எழுத்துக்கு 2 பிட் என்று போட்டால் 3 கேபி. இவ்வளவு சின்ன கோடு, ஒரு பாலூட்டியின் நடத்தையையே மாற்றிவிடுகிறது.

கடித்த இடத்தில் எச்சிலோடு இறங்கும் வைரஸ், தசையும் நரம்பும் சேரும் இடத்தில் நரம்பு நுனிக்குள் நுழைகிறது. நரம்பு இழைக்குள் ஏற்கெனவே ஒரு சரக்குப் போக்குவரத்து உண்டு. நுனியிலிருந்து செல்லின் மையத்தை நோக்கிப் பொருட்களை இழுத்துப்போகும் டைனீன் என்ற மோட்டார் புரதம் ஓடிக்கொண்டே இருக்கும். வைரஸ் அதில் ஓசி சவாரி ஏறிக்கொள்கிறது. வேகம் நாளைக்கு 5 முதல் 10 செ.மீ. என்று பாடநூல்களில் இருக்கும். கணுக்காலிலிருந்து மூளைக்கு ஒன்றரை மீட்டர் என்றால் 15 முதல் 30 நாள் ஆகும். ஆனால் நடைமுறையில் அறிகுறி வர பெரும்பாலும் 2, 3 மாதம்கூட ஆகிறது. ஏனென்றால் நரம்பில் ஏறுவதற்கு முன் வைரஸ் தசையிலேயே தங்கியிருக்கலாம். முகத்தில், கழுத்தில் கடித்தால் தூரம் குறைவு, நாளும் குறைவு.

மூளைக்குள் போய்ப் பெருகியதும் அதே நரம்புகள் வழியாக வெளியே கிளம்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. மூளையில் கோளாறு, வாயில் வைரஸ். கடிக்கத் தூண்டும் நேரமும் கடித்தால் பரவும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. வைரஸின் வெளிப்புறப் புரதத்தில் ஒரு சின்னப் பகுதி பாம்பு நஞ்சின் புரதத்தை ஒத்திருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் எலியின் மூளைக்குள் செலுத்தியபோது எலிகள் அளவுக்கு மீறி ஓடித் திரிந்தன என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. வைரஸ் "திட்டம் போட்டு" செய்வதாக நினைக்க வேண்டாம். அப்படிப் பரவியவை மிஞ்சின, அவ்வளவுதான்.

சரி, நடத்தை மாறுவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே? ரூம்மேட்டின் வாதமும் அதுதான். இங்கேதான் அவன் தோற்றான்.

முதலில், வெறிநோய் என்றால் வெறி மட்டும் இல்லை. முடக்க வகை என்று ஒன்று உண்டு. நாய் ஒதுங்கிக்கொள்ளும், சோர்ந்து கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டவர்கள் உண்டு. பரிதாபப்பட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்து, "தண்ணி வச்சுப் பாரு, குடிச்சா ஒண்ணும் இல்ல" என்கிற ஊர் வைத்தியம். தண்ணீரைக் கண்டு பதறுவது மனிதனுக்கு வரும் அறிகுறி. விழுங்கப் போனாலே தொண்டைத் தசை இழுத்துப் பிடிக்கும். நாய்க்கு அந்தப் பயம் கிடையாது. வெறிநாய் தண்ணீர் குடிக்கப் பார்க்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும். அந்த நாட்களில் நாய் வாலாட்டும், இட்லி சாப்பிடும், விளையாடும். குட்டி நாய்க்கும் இது பொருந்தும்.

"10 நாள் நாயைக் கவனி" என்ற விதி இதிலிருந்து வந்ததுதான். கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், நாயோ பூனையோ 10 நாளுக்குள் நோய் தெரிந்து சாகும். 10 நாள் கழித்தும் நல்லா இருந்தால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். ஆனால் அது ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் முடிவு செய்வதற்கான விதி. ஊசியை ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு அல்ல.

அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் ஏறக்குறைய எல்லாரையும் காப்பாற்றலாம். வைரஸ் மெதுவாக நடந்து போகிறது என்பதால் கிடைக்கும் அவகாசம் இது. 1885இல் பாஸ்டர் ஒன்பது வயதுப் பையனுக்குக் கடிபட்ட பிறகு தடுப்பூசி போட்டுக் காப்பாற்ற முடிந்ததும் இதனால்தான்.

அதனால் கடிபட்டால் செய்ய வேண்டியது: உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15. வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதை உடைக்கும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள், கையில்தான். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியெல்லாம் தாத்தா காலத்துக் கதை. ஆட்டு மூளைத் திசுவில் செய்த அந்த மருந்தை நாட்டில் நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். தடுப்பூசியைப் பார்த்து உடம்பு ஆன்டிபாடி செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்க ரெடிமேட் ஆன்டிபாடி அது. அதைக் கேட்டு வாங்குங்கள், நிறையப்பேர் கேட்பதில்லை.

என் ரூம்மேட்டை மறுநாள் மதியம் இழுத்துக்கொண்டு போனேன். முந்தின நாளே போயிருக்க வேண்டும், நானும் தேர்வு என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் அந்தக் குட்டியைக் காணோம். யாராவது எடுத்துப்போனார்களா, வண்டியில் அடிபட்டதா, வேறு ஏதாவதா, மெஸ் அண்ணனைக் கேட்டோம், வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டோம், யாருக்கும் தெரியவில்லை. "பார்த்துக்கலாம்" என்றவனுக்குப் பார்க்க நாயே இல்லை. அன்றிலிருந்து அவன் ஊசித் தேதியை என்னிடம் நினைவுபடுத்த ஆரம்பித்தான். 28ஆம் நாள் சரியாக லேப் எக்ஸாம் அன்று வந்தது. வைவாவை முடித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டோடு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றோம்.