வீட்டு வளவிற் பெருங்கனி இலந்தை
(நயினாதீவு முதலிய தீவுப்பகுதிக் கமக்காரருக்கான பயிர்ச்செய்கைக் குறிப்பு)



வீட்டு வளவிலே ஓர் அப்பிள் மரம் வளர்க்க வேண்டுமென்ற ஆசை உங்களிற் பலருக்கு உண்டு. கடையில் வாங்கிய பழத்தின் விதையை முளைக்க வைத்து, நாள் தவறாது கிணற்று நீர் இறைத்து ஊற்றி, பல ஆண்டு காத்திருந்தும் ஒரு பூக்கூடக் காணாதவர்கள் உளர். அவர்களுடைய உழைப்பிற் குறை ஏதும் இல்லை. அம்மரத்தின் இயல்பே அத்தகையது. குளிர்நாட்டு அப்பிள் மரம் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உறங்கி எழுந்த பின்னரே பூக்கும். அதன் பெரும்பாலான இனங்களுக்கு 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் பல நூறு மணி நேரம் வேண்டும். கொடைக்கானல் மலையில் அப்பிள் காய்ப்பது அம்மலைக் குளிரின் பயனேயாகும். கடல் சூழ்ந்த நயினாதீவிலோ மார்கழி இரவிலும் அத்தகைய குளிர் வருவதில்லை. ஆகவே இங்கு அப்பிளை நட்டு நீர் ஊற்றுவது நீரையும் காலத்தையும் வீணாக்குவதாகும்.

அப்படியாயின் தீவுக்கு ஏற்ற பெருங்கனி மரம் எது? அது உங்கள் வேலியோரத்திலேயே நிற்கக்கூடும். முள்ளிலந்தை என்று நீங்கள் வெட்டி எறியும் மரத்தின் இனத்திலேயே, சிறிய அப்பிள் அளவு பழம் தரும் வகைகள் உண்டு. சந்தையில் “அப்பிள் இலந்தை” என வழங்குவது இதுவே. சிங்களத்தில் இலந்தையை “மசன்” என்பர். நாட்டிலந்தைப் பழம் ஒன்று சில கிராம் நிறையே இருக்கும். இந்தியாவின் இராசத்தான் மாநிலத்து அல்வாரில் தோன்றிய உம்ரான் வகையின் பழம் 30 கிராமுக்கு மேற்படும். அப்பிள் இலந்தையின் பழம் 60 கிராமையும் தாண்டும்.

நீரே முதற் கணக்கு

நயினாதீவின் பரப்பு ஏறத்தாழ 4 சதுரக் கிலோமீற்றரே. இங்கு ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. உங்கள் கிணறு அப்படையின் மேற்பகுதியையே தொடுகின்றது.

நன்னீர் உவர்நீரிலும் சற்று இலேசானது. ஆதலின் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உவர்நீரைத் தாழ்த்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. இதனை மறுபுறமாகப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி மேலேறக் கூடும். சிறு தீவின் மெல்லிய படைக்கு இது பேராபத்து. ஒருவர் வளவில் நீரிறைக்கும் இயந்திரம் ஓயாது ஓடினால், அயல் வளவுக் கிணறும் சவராகும். சவரான கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

ஆதலால் தீவில் ஒரு மரத்தைத் தெரிவு செய்யும்போது “எவ்வளவு பழம் தரும்?” என்று கேட்பதற்கு முன் “எவ்வளவு நீர் கேட்கும்?” என்று கேளுங்கள். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் குடிப்பதற்கும் வேண்டிய நீரைப் பழமரம் பறித்தலாகாது. இலந்தை அவ்வாறு பறிப்பதில்லை. அதன் ஆணிவேர் ஆழச் செல்லும். கோடையில் அது இலையுதிர்த்து ஓய்வு கொள்ளும். அதன் காய் பருக்குங் காலம் நமது மாரியோடு பொருந்தி வருகின்றது. சற்றே உவர்ப்பான மண்ணையும் நீரையும் வளர்ந்த மரம் பொறுத்துக்கொள்ளும்.

நிற்கும் மரத்தில் ஒட்டுதலே சிறந்த வழி

பெருங்கனி இலந்தையை விதையிலிருந்து பெற முயலாதீர்கள். விதைக் கன்று தாய்மரத்தின் குணத்தைத் தாராது. அதனை ஒட்டு முறையாலேயே பெறுதல் வேண்டும். புதிய ஒட்டுக் கன்றை வாங்கி நடலாம். எனினும் வளவில் நாட்டிலந்தை ஏற்கனவே நிற்குமாயின், அதிலேயே அரும்பொட்டுச் செய்வது மேலானது. அந்த மரத்தின் வேர் கல்லின் வெடிப்புகளைக் கண்டு இறங்கிவிட்டது. பல கோடைகளைக் கடந்தும் உயிரோடு நிற்கின்றது. அந்த வேரை நீங்கள் எவ்விலை கொடுத்தும் வாங்க முடியாது. நீர் குறைந்த மேற்கு இராசத்தானிலும், காட்டிலந்தையின் வேர்மேல், அது நின்ற இடத்திலேயே, நல்லினத்தை ஒட்டும் முறை பரவியுள்ளது. யோத்பூரில் உள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையத்தார் கோலா, சேப் போன்ற வகைகளை இம்முறையில் வளர்க்குமாறு பரிந்துரைத்துள்ளனர்.

ஒட்டும் முறை பின்வருமாறு:

1. மாசி, பங்குனியில் பழம் முடிந்ததும், நாட்டிலந்தையை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வாளால் அறுத்துவிடுக. வெட்டு வாயிற் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசுக.

2. சித்திரை மழையோடு பல தளிர்கள் எழும். அவற்றில் நன்கு இடைவெளியுள்ள மூன்று அல்லது நான்கினை விட்டு, ஏனையவற்றை நீக்குக.

3. தளிர்கள் பென்சில் பருமனை அடைந்து, பட்டை எளிதாகக் கழன்று வரும் பருவமே ஒட்டுக்கு உகந்தது. ஆனி, ஆடியிற் பட்டை கழலாவிடின், சில நாள் முன்னதாக நீர் விட்டுப் பாருங்கள். அப்போதும் கழலாவிடின் புரட்டாதியின் முதல் மழை வரை பொறுத்திருங்கள். அடைமழை நாளில் ஒட்டலாகாது.

4. நன்கு காய்க்கும் பெருங்கனி மரத்தின் அவ்வாண்டுக் கிளையொன்றைத் தெரிந்தெடுத்து, இலைத்தகட்டை வெட்டிக் காம்பை மட்டும் விடுக. கிளையை ஈரத்துணியிற் சுற்றிக் கொண்டுவந்து அன்றைக்கே பயன்படுத்துக.

5. ஒட்டுக்கட்டையின் பட்டையில் 1 சதம மீற்றர் குறுக்காகவும், அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி 3 சதம மீற்றர் நெடுக்காகவும் கீறுக. கூரிய சுத்தமான கத்தியையே கையாளுக. கிளையிலிருந்து அரும்பைச் சுற்றிய பட்டையைக் கேடய வடிவிற் சீவியெடுத்துக் கீறலினுள் மேலிருந்து செருகுக.

6. அரும்பு மட்டும் வெளியே தெரியும்படி பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றிக் கட்டுக.

7. இரண்டு மூன்று கிழமையின் பின் இலைக்காம்பை விரலாற் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் அது உதிர்ந்து, அரும்பு பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்தது. காம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை. அப்படியாயின் வேறொரு தளிரில் மீண்டும் செய்க.

8. அரும்பு வளரத் தொடங்கியதும் கட்டை அவிழ்த்து, அதற்கு மேலுள்ள நாட்டுக் கிளையைப் படிப்படியாக வெட்டுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒட்டின் கீழிருந்து முள் நிறைந்த நாட்டுத் தளிர்கள் அடிக்கடி எழும். அவற்றைக் கண்டவுடன் நீக்காவிடின், அவை ஒட்டினை அமுக்கிவிடும். சில ஆண்டின் பின் “என் மரம் மாறிவிட்டது” என்று வருந்துவோர் பலரிடம் நிகழ்ந்தது இதுவே.

இன்னொன்றும் கருதத்தக்கது. இலந்தையின் பல வகைகள் தம் மகரந்தத்தாற் தாமே நன்கு காய்ப்பதில்லை. வேறு வகையின் மகரந்தம் வேண்டும். இரு மரங்களுக்கு இடமில்லாத சிறு வளவில், ஒரே மரத்தின் ஒரு தளிரில் ஒரு வகையையும் மறு தளிரில் வேறு வகையையும் ஒட்டுக.

ஒட்டுக்கிளையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி உள்நாட்டிலேயே பெறுக. கடல் கடந்து வரும் உறவினரிடம் கிளையோ கன்றோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். அனுமதிப் பத்திரமின்றி அவற்றைக் கொண்டுவருதல் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்துக்கு மாறானது. அன்றியும், ஒரு கிளையோடு வரும் பூச்சியோ நோயோ தீவு முழுவதையும் பற்றக்கூடும்.

புதிதாக நடுவோருக்கு

நாட்டிலந்தை இல்லாத வளவில் ஒட்டுக் கன்றை ஐப்பசித் தொடக்கத்தில் நடுக. சோளகக் காற்று கடலின் உப்பைச் சுமந்து வரும். ஆதலின் வீட்டின் அல்லது பனை நிரையின் மறைவிலே இடம் தேர்க. முள் உள்ள மரமாதலால் நடைபாதையை விட்டு விலக்குக. மரங்களுக்கிடையே 25 அடி இடைவெளி வேண்டும்.

கிடங்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம் உடையதாயின் நன்று. கல் தட்டினால் அலவாங்கால் உடைத்து வேருக்கு வழி செய்க. கிடங்கின் அடியில் பனையோலையும் பூவரசங் குழையும் இட்டு, அவற்றின்மேல் 20 கிலோ மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. கரையில் ஒதுங்கும் சாதாழையை எருவாக இடுவோர், ஒரு மாரி மழையில் அதன் உப்புக் கழுவப்பட்ட பின்னரே இடுதல் வேண்டும்.

முதலிரு கோடையிலும் இளங்கன்றுக்கு நன்னீர் அவசியம். வளர்ந்த மரம் பொறுக்கும் உவரை இளங்கன்று பொறுக்காது. நீரைச் சிக்கனமாகக் கொடுக்க எளிய வழி ஒன்றுண்டு. அடியிற் சிறு துளையிட்ட மண்முட்டியொன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, துளையிற் துணித்திரி செருகி, வாரம் இருமுறை நீர் நிரப்புக. நீர் வேருக்கே செல்லும். கன்றைச் சுற்றிப் பனையோலைத் துண்டுகளால் நிலத்தை மூடுக. சவர்க்காரம் மிகுதியாகக் கலவாத சமையலறைக் கழிவுநீரையும் பயன்படுத்தலாம்.

கத்தரித்தல்

இலந்தை அவ்வாண்டு எழுந்த புதுக் கிளையிலேயே பூத்துக் காய்க்கும். ஆண்டுதோறும் கத்தரியாத மரத்தில் புதுக்கிளை குறையும், பழம் சிறுக்கும், முட்புதர் பெருகும். மாரி நெல் அறுவடை முடிந்து கை ஓயும் பங்குனியே இதற்கு ஏற்ற காலம். முந்திய ஆண்டுக் கிளைகளைப் பாதியளவுக்கு வெட்டுக. உள்நோக்கியவை, காய்ந்தவை, நிலத்தைத் தொடுபவை ஆகியவற்றை முற்றாக நீக்குக. வெட்டிய இலைகளை ஆடுகள் விரும்பி உண்ணும். முட்கிளைகள் வேலிக்கு உதவும். மாரி தொடங்கும் முன் காய்க்கும் மரமொன்றுக்கு 30 கிலோ மாட்டெரு இடுக. இரசாயனப் பசளையை மண் பரிசோதனையின்படி மட்டும் இடுக.

நோயும் பூச்சியும்

பனி விழும் மார்கழி, தையில் பூவிலும் இளங்காயிலும் வெண்தூள் படிந்தால் அது பூஞ்சண நோயாகும். தொடக்கத்திலேயே நனையும் கந்தகத்தூளைப் பொதியில் குறித்த அளவில் நீரிற் கரைத்து, வெயில் தணிந்த பின் தெளிக்குக. பழ ஈ காயினுள் முட்டையிடும். புழு வைத்த பழம் உதிரும். உதிர்ந்தவற்றை அன்றன்று பொறுக்கிப் பொலித்தீன் பையிற் கட்டி வெயிலிற் போடுக. கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால், அங்கே மறைந்துள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலாலும் கோழிகளாலும் அழியும். ஒருவர் மட்டும் செய்தாற் பயன் குறைவு. அயலாரும் சேர்ந்து செய்தல் வேண்டும்.

அறுவடை

ஒட்டு மரம் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். பச்சை மாறி இளமஞ்சள் படர்ந்ததும் கையாற் பறிக்குக. காயாகப் பறித்தது பின்னர்ச் சுவையாகப் பழுக்காது. கிளையை உலுப்பிப் பழத்தை நிலத்தில் விழுத்தாதீர்கள். நன்கு பேணிய வளர்ந்த மரம் ஆண்டுக்கு 50 கிலோவும் அதற்கு மேலும் தரும். பழம் சில நாள் கெடாது இருக்குமாதலால், படகேற்றிக் குறிகட்டுவான் வழியாக யாழ்ப்பாணச் சந்தைக்கு அனுப்பலாம். எஞ்சியதை வெயிலில் உலர்த்தி வைத்தால், ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வரும் அடியார்களுக்கு விற்கலாம். உயிர்ச்சத்து சி மிகுந்த இப்பழம் பிள்ளைகளுக்கும் நல்லது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

அப்பிள் விதையை நட்டு நன்னீரை இழக்காதீர்கள்.
நிற்கும் நாட்டிலந்தையை வேரோடு பிடுங்காதீர்கள். அதன்மேல் ஒட்டுக.
இரு வகைகளை ஒட்டுக.
ஒட்டின் கீழெழும் தளிரை உடனே நீக்குக.
பங்குனிதோறும் கத்தரிக்குக.

ஒரு மரத்துக்கென நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு குடம் நீரும், உங்கள் கிணற்றில் மட்டுமன்றி அயலார் கிணற்றிலும் தங்குகின்றது. தீவில் நிலம் வேலியால் பிரிக்கப்பட்டிருப்பினும், நிலத்தடி நீர் எல்லோருக்கும் ஒன்றே.