ரிச்சி தெருவில் ஒரு பிரிண்டர் வாங்கச் செல்வோர்க்கு

இல்லத்தில் கணினிகள் மூன்றோ நான்கோ பெருகிவிட்ட இக்காலத்தில், அவை யாவற்றுக்கும் பொதுவாக அச்சிடவும், நகலெடுக்கவும், ஸ்கேன் செய்யவும் வல்ல பிரிண்டர் ஒன்றை வாங்க விழைகிறவர்கள், குளிரூட்டப்பெற்ற பெருங்கடைகளில் நுழைவதற்கு முன்னர், சென்னை அண்ணா சாலையின் அருகே சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவை அவசியம் ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும்; கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடையாது.

முன்னாளில் வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற இந்த வட்டாரம், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று கிளைபரப்பி, இன்று கணினி சம்பந்தமான சகல வஸ்துக்களும் கிடைக்கும் இடமாக விளங்குகிறது. இங்குள்ளவற்றுள் என் உள்ளத்தை முற்றிலும் கவர்ந்தவை, மாடிப்படியின் அடியில் ஒரு மேசையளவே இடங்கொண்டு இயங்கும் பழுதுபார்க்கும் கடைகள்தாம். விற்பனையில் லாபம் ஏதும் இல்லாத காரணத்தால் உள்ளதை உள்ளபடி உரைக்கும் அந்தத் தொழிலாளர்களின் ஞானத்துக்கு ஈடான ஆலோசனையை நான் வேறெங்கும் பெற்றதில்லை. "ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டி மத்ததுக்கு ஷேர் பண்ணாதீங்க சார், நேரா வைஃபையில சேத்துடுங்க" என்று, கையிலிருந்த ரோலரைத் துடைத்துக்கொண்டே ஒருவர் கூறினார். அதன் நியாயம் ஆழமானது. ஒரு கணினியின் வாயிலாகப் பகிர்ந்தால், அந்தக் கணினி உறங்கும்போதெல்லாம் பிறருக்கு அச்சு நின்றுவிடும். ஸ்கேன் வசதியோ பெரும்பாலும் மற்றக் கணினிகளை எட்டுவதே இல்லை. பிரிண்டர் தானே ரவுட்டருடன் இணைந்துவிட்டால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பிறர் தயவின்றி இரண்டையும் பெறலாம்.

ஆதலால் வைஃபையோ, அதனினும் உறுதியான லேன் கேபிள் இணைப்போ உள்ள மாடலையே கேளுங்கள். வீட்டு மாடல்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மாத்திரமே ஏற்பவை என்பதையும், விருந்தினருக்கென ஒதுக்கிய வைஃபையில் இருக்கும் கணினிக்குப் பிரிண்டர் புலப்படாது என்பதையும் நினைவிற்கொள்க. மின்தடைக்குப் பின் பிரிண்டரின் ஐபி முகவரி மாறிப்போய், இயந்திரம் நன்றாயிருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டும் உபத்திரவத்துக்கு, ரவுட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவதே பரிகாரம்.

தெருமுனையில் "என்ன சார், பிரிண்டரா? வாங்க, கம்மி விலை" என்று வழிமறிக்கும் தரகர்களை அடியோடு விலக்குங்கள். என்னுடன் வந்த பெரியப்பாவை அத்தகைய ஒருவன் மாடிக் கடை ஒன்றுக்கு இட்டுச் சென்றான். யூஎஸ்பி இணைப்பு மாத்திரமே உடைய ஒன்றைக் காட்டி, "ரவுட்டர்ல சொருகிட்டா வீடு முழுக்க வரும், பெரியவரே" என்றார் கடைக்காரர். அவ்வாறு செருகினால் அச்சு வரக்கூடும். ஸ்கேன் வருவது அரிது. அதைச் செய்து காட்டும்படி நான் வேண்டியதும், அதுவரை நடந்த உபசாரமெல்லாம் ஒரு கணத்தில் மறைந்து, "வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா எடத்தைக் காலி பண்ணுங்க" என்று, படியேறிய களைப்பு நீங்காமல் அமர்ந்திருந்த அந்த வயோதிகரை அவர் எழுப்பி அனுப்பியதை எண்ணும்போது இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது.

உங்கள் மடிக்கணினியையும் கைப்பேசியையும் உடன் கொண்டுசென்று, இரண்டிலிருந்தும் அச்சிட்டும் ஸ்கேன் செய்தும் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் ஒரு நிமிஷமும் நிற்க வேண்டாம். இங்க் டேங்க் மாடலாயின் வாரம் ஒரு வண்ணப் பக்கமேனும் அச்சிட்டு வாருங்கள். இல்லையேல் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். விலையில் பேரம் பேசலாம், ஆனால் ஜி.எஸ்.டி. பில் இன்றி வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வார நாளொன்றில் முற்பகலிலேயே சென்றுவிடுங்கள்.